கத்தரியைப் பிறர் கையில் கொடுக்கும் முன்: பங்கேற்பு பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டுக்கு ஒரு வழிகாட்டி

தன் உடலைப் பார்வையாளர் முன் வைத்து, அவர் கையில் ஒரு பொருளையும் கொடுத்து, அடுத்து நடப்பதை அவரிடமே விட்டுவிடும் கலைவடிவம் ஒன்று கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல நகரங்களில் நிகழ்ந்து வருகிறது. தமிழில் இதை நிகழ்த்துக்கலை என்று எழுதுவோர் உண்டு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் தெருக்கூத்தும் கரகாட்டமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன என்பதால், ஓவியர்களும் கவின்கலை மாணவர்களும் பேச்சில் சொல்வதுபோல் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் என்றே இங்கு எழுதுகிறேன். கூத்தில் கலைஞர் வேடம் கட்டுகிறார். கர்ணனாக நிற்பவர் மீது பாயும் அம்பு கர்ணன் மீது பாய்ந்த அம்பு. இங்கே வேடம் கிடையாது. உங்கள் கை உங்கள் கையாகவே மேசைமேல் கிடக்கிறது, அதில் விழும் கீறலும் உங்களுக்கே வலிக்கிறது. முதன்முறையாக இப்படியொரு நிகழ்வைச் செய்ய நினைப்பவர்கள் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே சொல்கிறேன்.

முதல் படி: முடிக்கும் உரிமை யாரிடம் என்று தீர்மானியுங்கள்

பெரும்பாலோர் கருப்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். நான் முடிவிலிருந்து தொடங்கச் சொல்வேன். அதற்குக் காரணம், இத்துறையில் எல்லோரும் படிக்கும் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964இல் கியோட்டோ நகரில் முதலில் நிகழ்த்திய 'கட் பீஸ்' மிக எளிய அமைப்புடையது. அவர் மேடையில் முழந்தாளிட்டு அமர்ந்து தன் முன்னே ஒரு கத்தரிக்கோலை வைத்தார். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, அவர் உடுத்தியிருந்த ஆடையில் விரும்பிய இடத்தில் ஒரு துண்டை வெட்டித் தம்முடன் எடுத்துச் செல்லலாம். பின்னர் டோக்கியோவிலும், 1965இல் நியூயார்க்கின் கார்னகி ரிசைட்டல் ஹாலிலும், 1966இல் லண்டனிலும் அதை அவர் நிகழ்த்தினார். நியூயார்க் நிகழ்வு படமாக்கப்பட்டிருக்கிறது. கூச்சத்தோடு ஓரத்தில் சிறு துண்டு மட்டும் வெட்டிச் செல்பவர்களையும், உள்ளாடையின் தோள்வார்களையே வெட்டும் ஓர் இளைஞரையும், அப்போது ஓனோ இரு கைகளாலும் மார்பை மூடிக்கொள்வதையும் அதில் பார்க்கலாம். இந்த நிகழ்வுக்கு அவர் எழுதிவைத்த குறிப்பில் இரண்டு செய்திகள் முக்கியமானவை: நிகழ்த்துபவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நிகழ்த்துபவர் விரும்பும்போது நிகழ்வு முடியும்.

பத்தாண்டுகள் கழித்து, 1974இல், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் செர்பியக் கலைஞர் மரினா அப்ரமோவிச் 'ரிதம் 0' என்னும் நிகழ்வைச் செய்தார். மேசைமேல் 72 பொருள்கள் இருந்தன. ரோஜாவும் தேனும் இறகும் இருந்த அதே மேசையில் கத்தரியும் அறுவைக் கத்தியும், ஒரு துப்பாக்கியும் அதற்கு ஒரு தோட்டாவும் இருந்தன. இவற்றை விரும்பியபடி தன்மேல் பயன்படுத்தலாம், தான் வெறும் பொருள், முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று எழுதிவைத்துவிட்டு, இரவு 8 மணி முதல் 2 மணிவரை ஆறு மணிநேரம் அவர் அசையாமல் நின்றார். தொடக்கத்தில் மென்மையாக நடந்துகொண்ட கூட்டம் பிறகு அவர் ஆடைகளைக் கிழித்தது, கழுத்தில் கீறியது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அவர் கையிலேயே கொடுத்து அவரை நோக்கித் திருப்பியவரும் உண்டு. கூட்டத்திலேயே சிலர் குறுக்கே வந்து அவரைக் காத்தார்கள்.

இரண்டிலும் கலைஞர் இடம்விட்டு அசையவில்லை, இரண்டிலும் கத்தரி இருந்தது. ஓனோவின் நிகழ்வில் முடிவு கலைஞரிடம் இருந்தது. அப்ரமோவிச்சின் நிகழ்வில் கடிகாரத்திடம் இருந்தது. அதே அப்ரமோவிச் 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மார்ச் முதல் மே வரை, 700 மணிநேரத்துக்கும் மேலாக நாற்காலியில் அமர்ந்து, எதிரே வந்தமர்ந்த 1,500க்கும் மேற்பட்டோரை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எவ்வளவு நேரம் அமர்வது என்பதை எதிரே அமர்ந்தவரே தீர்மானித்தார்.

கலைஞர், கடிகாரம், பார்வையாளர் என்று முடிக்கும் உரிமை இந்த மூவரில் ஒருவரிடம் இருக்கும், அது யாரிடம் இருக்கிறதோ அதற்கேற்ப நிகழ்வின் குணமே மாறிவிடும். முதல் நிகழ்வைச் செய்பவர்கள் அந்த உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். கூடவே 45 நிமிடம் என்றோ ஒரு மணிநேரம் என்றோ ஓர் உச்சவரம்பும் இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு வினைச்சொல்

பார்வையாளர் என்ன செய்யப்போகிறார் என்பதை ஒரே வினைச்சொல்லில் எழுதிப் பாருங்கள். வெட்டுதல், எழுதுதல், கட்டுதல், ஊட்டுதல், அமர்தல் என எதுவாகவும் இருக்கலாம். இரண்டு வினைகள் தேவைப்பட்டால் உங்கள் எண்ணம் இன்னும் கனியவில்லை என்று பொருள்.

வினை அபாயகரமானதாக இருந்தால்தான் நிகழ்வு வலுவாக இருக்கும் என்ற எண்ணம் புதியவர்களிடம் பரவலாக இருக்கிறது, இது தவறு. சிங்கப்பூர்க் கலைஞர் அமாண்டா ஹெங் 1996இல் தொடங்கிய 'லெட்ஸ் சாட்' நிகழ்வில், பார்வையாளர்கள் அவரோடு மேசையைச் சுற்றி அமர்ந்து, தேநீர் குடித்தபடி, முளைப்பயறின் வாலைக் கிள்ளிக்கொண்டே பேசினார்கள். நம் வீடுகளில் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசுவது போன்ற ஒரு வேலை அது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது என்பதை அறிந்தவர்தான் அப்படியொரு வினையைத் தேர்ந்தெடுக்க முடியும், அதில் யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை.

மூன்றாம் படி: அழைப்பு அட்டை

நிகழ்வு தொடங்கியதும் நீங்கள் பேசப்போவதில்லை என்றால், உங்களுக்காகப் பேசப்போவது ஒரு சிறிய அட்டை. இதை எழுதுவதற்கு நான் பல நாள் எடுத்துக்கொள்கிறேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதும்போது வினைமுற்றின் வடிவம் மிகவும் கவனிக்க வேண்டியது. "முடிச்சுப் போடவும்" என்று எழுதினால் அது அலுவலக அறிவிப்புப் பலகை. வரிசையில் நிற்பவர் சொன்னதைச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார். "முடிச்சுப் போடுங்கள்" என்பது வேண்டுகோள். அதை மறுத்தால் மரியாதைக் குறைவோ என்று தயங்குபவர்கள் விருப்பமில்லாமலே போடுவார்கள். "முடிச்சுப் போடலாம்" என்று எழுதினால் போடாமலும் இருக்கலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது, ஆகவே போடுபவர் தானே முடிவெடுத்துப் போடுகிறார். பங்கேற்பு என்பது அந்த முடிவில்தான் தொடங்குகிறது.

அட்டையில் நான்கு செய்திகள் போதும்: என்ன செய்யலாம், எங்கே தொடலாம், ஒரு முறைக்கு எத்தனை பேர் வரலாம், எப்போது முடியும். கருத்து விளக்கம் அட்டையில் வேண்டாம். பெண்ணுடல் பற்றியது, நினைவு பற்றியது என்று நீங்களே எழுதிவிட்டால், வருபவர் அதை நிரூபிக்க வந்தவராகிவிடுவார்.

நான்காம் படி: உடலின் வரைபடமும் பொருள்களும்

ஒரு தாளில் உங்கள் உடலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் வரைந்து, தொட அனுமதிக்கும் இடங்களைப் பச்சையிலும், ஒருபோதும் அனுமதிக்காத இடங்களைச் சிவப்பிலும் தீட்டுங்கள். எதையும் அரைகுறையாக விடாதீர்கள். இந்த வரைபடத்தை உங்கள் துணையாள்களிடம் காட்டுங்கள். பச்சை இடம் முழங்கைக்குக் கீழே மட்டும் என்றால், அதை அட்டையில் எழுதுவதோடு நிற்காமல், முழங்கைவரை கைகளை மேசைமேல் நீட்டி, மற்ற பாகங்கள் மேசைக்குப் பின்னால் இருக்குமாறு அமருங்கள். படிக்காமல் வருபவரும் எட்டும் தூரத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

பொருள்களைப் பொறுத்தவரை, மேசைமேல் இருக்கும் எந்தப் பொருளும் யாராவது ஒருவரால் பயன்படுத்தப்படும் என்று எண்ணியே வையுங்கள். கத்தரி தேவைப்பட்டால், காயக்கட்டை வெட்ட மருத்துவமனைகளில் பயன்படுத்தும் முனை மழுங்கிய கத்தரி இருக்கிறது. கண்ணாடி, தீ, கொதிநீர், மாத்திரை ஆகியவை முதல் நிகழ்வுக்கு வேண்டாம். தோலில் பூசும் எதையும், மஞ்சளானாலும் சாயமானாலும், இரண்டு நாள் முன்பே முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். இலையை அரைத்த மருதாணி வேறு. கடையில் கருப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கூம்புகளில் தலைச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும், அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும்.

ஐந்தாம் படி: துணையாள்கள்

இருவர் தேவை. ஒருவர் வாசலில் நின்று வருபவர்களுக்கு அட்டையைக் காட்டுவார். மற்றவர் உங்களுக்கு அருகில் இருப்பார். அவர் பார்க்க வேண்டியது வருபவர்களின் கைகளையும் உங்கள் உடலையும் மட்டுமே. படம் எடுக்கும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

நான் செய்த ஒரு நிகழ்வில் நடந்ததைச் சொன்னால் இதன் தேவை புரியும். பூக் கட்டும் வாழைநாரை ஒரு கிண்ணத்தில் நனைத்துவைத்து, "வெளியே சொல்லாமல் விட்ட ஒன்றை நினைத்துக்கொண்டு என் கையில் ஒரு முடிச்சுப் போடலாம்" என்று அட்டையில் எழுதியிருந்தேன். அரைமணி நேரத்துக்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கை அருகேவரை முடிச்சுகள் ஏறிவிட்டன. முதலில் வந்தவர்கள் தளர்வாகப் போட்டார்கள். பின்னால் வந்த ஓர் இளைஞர் முன்பே இருந்த நார்களையெல்லாம் சேர்த்து இழுத்து இறுக்கினார். அவர் கண்களில் நீர் நின்றது. என்னைத் துன்புறுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் என் விரல்கள் மரத்துப்போனதை நானே உணரவில்லை, ஏனென்றால் என் கவனம் முழுவதும் அவர் முகத்தில் இருந்தது. அருகில் நின்ற தோழிதான் என் நகங்கள் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்து, முன்னே வந்து, மழுங்கிய கத்தரியால் நாரை வெட்டினாள்.

அதன்பின் சற்று நேரம் யாரும் வரவில்லை. பிறகு வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி அருகே வந்து, கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ண அவுத்து விடலாமா கண்ணு?" என்று கேட்டார். நான் பேசக்கூடாது என்பது நானே வகுத்த விதி, தலையசைத்தேன். அவர் நகத்தால் நிமிண்டி நிமிண்டி ஒரு முடிச்சை அவிழ்க்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று, அறை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை அட்டையில் "போடலாம், அவிழ்க்கவும் செய்யலாம்" என்று மாற்றினேன். பார்வையாளர் உங்கள் நிகழ்வைத் திருத்தித் தருவார். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

நிறுத்துவதற்கான சைகை ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். இரு உள்ளங்கைகளையும் மேல்நோக்கித் திருப்புவது போல, தற்செயலாக நிகழாத அசைவாக அது இருக்க வேண்டும். நீங்கள் சைகை காட்டாவிட்டாலும் நிறுத்தும் உரிமை துணையாளுக்கு உண்டு என்பதையும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் உங்கள் விரல்நுனியை அழுத்திப் பார்த்து, வெளுத்த இடத்தில் இரத்தம் உடனே திரும்புகிறதா என்று கவனிக்கலாம்.

ஆறாம் படி: இடமும் அனுமதியும்

உங்கள் உடல் அறையில் எங்கே இருக்கிறது என்பதே ஓர் அழைப்புதான். 1977இல் போலோனியா நகரின் காட்சிக்கூடத்தில் அப்ரமோவிச்சும் அவருடைய கலைத் துணைவர் உலாயும் குறுகலான நுழைவாயிலின் இருபுறமும் ஆடையின்றி எதிரெதிரே நின்றார்கள். உள்ளே செல்ல விரும்பியவர் பக்கவாட்டில் நுழைந்து, யாரை நோக்கித் திரும்புவது என்று தீர்மானித்தே ஆக வேண்டியிருந்தது. காவல்துறை வந்து அதை நிறுத்தியது. வாயிலில் நிற்பதும் அறையின் மூலையில் அமர்வதும் ஒன்றல்ல. மூலையில் அமர்ந்தால் பார்வையாளர் வேண்டுமென்றே உங்களிடம் நடந்து வர வேண்டும், வராமலும் இருந்துவிடலாம். முதல் நிகழ்வுக்கு நான் மூலையையே பரிந்துரைப்பேன்.

தமிழ்நாட்டில் செய்பவர்கள் கூடத்தின் பொறுப்பாளரிடம் என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே அனுமதி பெறுங்கள். தெருவிலோ கடற்கரையிலோ செய்வதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் ஆபாசச் செயல் என்று கருதப்படுவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவின்கீழ் குற்றம், ஆகவே ஆடை தொடர்பான எந்த நிகழ்வையும் உள்ளரங்கில், வயது வரம்பை வாசலில் எழுதிவைத்து நடத்துங்கள்.

இந்த எச்சரிக்கை கலைஞர் ஒருவரோடு முடிவதில்லை. சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கிய ஒரு கலை நிகழ்ச்சியில், ஓரினச்சேர்க்கையாளர்களைக் காவல்துறை பொறிவைத்துப் பிடித்ததைக் கண்டித்து ஜோசஃப் இங் என்ற கலைஞர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்று தன் அந்தரங்க முடியைக் கத்தரித்தார். அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதோடு நில்லாமல், எழுத்துப் பிரதி இல்லாத பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டுக்கு அரசு நிதியுதவி ஏறத்தாழ பத்தாண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது. ஒருவர் நிகழ்வுக்காக ஒரு தலைமுறைக் கலைஞர்கள் அனைவரும் தண்டிக்கப்பட்டது அநியாயம் என்றே கருதுகிறேன். ஆனால் அப்படி நடக்கும் என்பதை அறிந்தே நாம் இறங்க வேண்டும்.

கைபேசிப் படங்களுக்கும் ஒரு விதி வேண்டும். முடிச்சுப் போட்டபடி அழும் ஒருவரின் முகம் அவருடையது. பங்கேற்பவரின் முகத்தைப் படமெடுக்க வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் புகைப்படக்காரரும் கைகளை மட்டும் எடுக்கட்டும்.

ஏழாம் படி: ஒத்திகை

பார்வையாளரை ஒத்திகை பார்க்க முடியாது, உடலைப் பார்க்கலாம். திட்டமிட்ட நேரத்தைவிடக் கால்மணி நேரம் கூடுதலாக அதே நாற்காலியில், அதே ஆடையில் அமர்ந்து பாருங்கள். சம்மணமிட்டால் இருபது நிமிடத்தில் கால் மரத்துவிடும் என்பது அப்போதுதான் தெரியும். நின்று செய்வதானால் முழங்கால்களை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாதீர்கள், மயக்கம் வரும். பிறகு ஐந்தாறு நண்பர்களை அழைத்து, ஒருவரைக் கூச்சமுள்ளவராகவும் ஒருவரைக் குறும்புக்காரராகவும் ஒருவரை அட்டையைப் படிக்காதவராகவும் நடந்துகொள்ளச் சொல்லிச் செய்து பாருங்கள்.

எட்டாம் படி: நிகழ்வின்போது

முதல் ஐந்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். அந்த மௌனத்தில் எழுந்துவிடத் தோன்றும், சிரித்துவிடத் தோன்றும். மூச்சை எண்ணியபடி அமர்ந்திருங்கள். நண்பர் ஒருவரைப் பார்வையாளர்போல் முதலில் அனுப்பும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம்பி வருபவர்களிடம் தொடக்கத்திலேயே ஒரு பொய்யைச் சொல்வது அது. தேவையானால் துணையாள், தான் துணையாள் என்பது தெரியும்படியே, முதல் முடிச்சைப் போட்டுக் காட்டலாம்.

பார்வையை எங்கே வைப்பது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியக் கலைஞர் வாலீ எக்ஸ்போர்ட் 1968இல் தன் மார்பின்மேல் திரையிட்ட ஒரு பெட்டியை அணிந்து தெருவில் நின்று, சில வினாடிகள் அதற்குள் கைவிட்டுத் தொட வழிப்போக்கர்களை அழைத்தார். திரையரங்கின் இருட்டில் பெண்ணுடலைப் பார்த்துப் பழகியவர்கள், பகல் வெளிச்சத்தில் அவருக்கு நேர் எதிரே நின்றே தொட வேண்டியிருந்தது. முகம் பார்த்தவரின் கை தயங்குகிறது. இதன் மறுபக்கத்தை வஃபா பிலால் காட்டினார். ஈராக்கில் பிறந்த அவர் 2007இல் சிகாகோவில் ஒரு மாதம் ஓர் அறையில் வாழ்ந்தபடி, இணையத்தின் வழியாக யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய பெயின்ட் துப்பாக்கிக்கு முன் தன்னை வைத்தார். அவருக்கு நேர் எதிரே நிற்க வேண்டியிராதவர்களால் 60,000 முறைக்கும் மேல் அது சுடப்பட்டது. எனவே புதியவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் நிகழ்வையோ, முகத்தை மறைத்துச் செய்யும் நிகழ்வையோ தவிர்ப்பது நல்லது.

யாராவது எல்லை மீறினால் முதலில் அவர் கையின் அசைவைக் கண்ணால் பின்தொடருங்கள். பலர் அதிலேயே நின்றுவிடுவார்கள். நிற்காவிட்டால் சைகை காட்டுங்கள், துணையாள் வந்து அவரை அழைத்துச் செல்வார். அதற்காக முழு நிகழ்வையும் நிறுத்த வேண்டுமா என்பது அந்த நேரத்து உங்கள் மனநிலையைப் பொறுத்தது, நிறுத்தினால் அது தோல்வி ஆகாது. ஓனோவின் குறிப்பு அந்த உரிமையைத் தெளிவாக எழுதியே வைத்திருக்கிறது.

ஒன்பதாம் படி: முடித்தபின்

முடிவு பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். எழுந்து நின்று, இரு கைகளையும் கூப்பிவிட்டு, மெதுவாக வெளியேறுங்கள். நீண்ட நேரம் அமர்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தால் தள்ளாடும் என்பதால் துணையாள் கை கொடுக்கட்டும். தண்ணீர், ஏதாவது இனிப்பு, ஒரு போர்வை தயாராக இருக்கட்டும்.

கால்மணி நேரம் கழித்து மீண்டும் கூடத்துக்கு வாருங்கள். சிலர் உங்களோடு பேசுவதற்காகவே காத்திருப்பார்கள். தாம் செய்ததை எண்ணிக் கலங்கியிருப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள், உங்களைச் சாதாரணமாக நடமாடக் கண்டால்தான் அவர்களுக்கு மனம் ஆறும்.

எஞ்சிய பொருள்களை என்ன செய்வது என்பதும் நிகழ்வின் பகுதியே. 2003இல், தன் எழுபதாவது வயதில், ஓனோ பாரிஸில் மறுபடியும் 'கட் பீஸ்' நிகழ்த்தியபோது, அஞ்சலட்டை அளவுக்கு மிகாத துண்டை வெட்டி, தமக்கு அன்பானவருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். நான் என் கையில் எஞ்சியிருந்த நார்களை வெட்டாமல், அன்றிரவு தோழியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். எது யார் போட்ட முடிச்சு என்று நினைவிருந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நீங்களும் அன்றிரவே எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் வரிசை குழம்பிவிடும், யாருக்குப் பின் யார் வந்தார் என்பது மறந்துபோகும், அட்டையில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பதும் அந்த வரிசையைப் பார்த்தால்தான் தெரியவரும்.